மருந்து ஜன்னலில் வைத்த சீட்டு

பின்தெரு நலவாழ்வு நிலையத்தில் முப்பத்து மூன்று ஆண்டுகள் பணியாற்றி இன்று விடைபெறும் எங்கள் மூத்த செவிலியருக்கு, உடன் பணிபுரிவோர் ஒன்பதின்மர் வாசித்து அளிக்கும் மடல்

நாடி பிடிக்கும் முன்னே நலம் கேட்ட நற்செவிலியே! ஊசி எடுக்கும் முன்னே உறவு சொல்லி அழைத்த உத்தமியே! தகரக் கூரைகளுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே தாங்கள் தேய்த்த செருப்புகள் தொண்ணூறு இருக்கும், தேயாத தயவு ஒன்றுதான் இருந்தது என்று தெருவே சாட்சி சொல்லும் தகைமையே! தலையை ஆட்டிவிட்டுத் தப்பிக்கப் பார்த்தவர் ஒருவரையும் தப்பவிடாத தலைமகளே! வணக்கம்.

பாராட்டு மடல் என்றால் ‘அஞ்சா நெஞ்சம் கொண்டவரே’ என்று ஒரு வரி இருந்தே தீர வேண்டும் என்பது எழுதாத சட்டம். அந்த வரியை இங்கே எழுதினால் முதலில் சிரிப்பவர் தாங்களாகவே இருப்பீர்கள். இந்த நிலையத்தின் நான்கு சுவர்களுக்குள் தங்களைப் போலப் பயந்தவர் எவரும் இல்லை. தங்கள் முதுகுக்குப் பின்னால் நாங்கள் வைத்திருந்த பெயர் பயந்தாங்கொள்ளி. அது தங்கள் காதுக்கு எட்டவில்லை என்று நம்பியிருந்தோம். ஒரு நாள் மாலை தேநீர் வாங்கப் போனவரிடம், “பயந்தாங்கொள்ளிக்கும் ஒரு டீ சொல்லுங்கப்பா!” என்று தாங்களே குரல் கொடுத்தபோது எங்கள் முகத்தில் ஈயாடவில்லை.

எதற்குத்தான் பயப்படவில்லை தாங்கள்! காதில் விடும் சொட்டு மருந்தைக் கண்ணில் விட்டுவிடுவார்களோ என்று பயம். குழந்தையின் காய்ச்சலுக்கு ஒரு கரண்டி என்றால், வீட்டில் பரிமாறும் கரண்டியால் கொடுத்துவிடுவார்களோ என்று பயம். அதுவும் கரண்டிதானே! தடவும் களிம்பை விழுங்கியவரும், மூன்று வேளை மாத்திரையை மறந்துபோய் மூன்றையும் ஒரே வேளையில் போட்டவரும் இந்தத் தெருவில் உண்டு. மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் மாடி வீட்டில் இருப்பவருக்குச் சந்தேகம் வந்தால் டாக்டருக்கு ஃபோன் போடுவார். இந்தப் பக்கம் இருப்பவர் பக்கத்து வீட்டைக் கேட்பார், பக்கத்து வீடோ அவரைக் கேட்கும். நோய் ஒன்று, மாத்திரை ஒன்று. ஆனாலும் பாலத்துக்கு இந்தப் பக்கம் சாவு பத்து வருஷம் முன்கூட்டியே வந்துவிடுகிறது என்று தாங்கள் சொல்லும்போதெல்லாம் கைகளைப் பிசைந்துகொண்டே சொல்வீர்கள்.

அந்தப் பயத்திலிருந்து பிறந்ததுதான் தங்கள் சட்டம். எவரும் மருந்தை வாங்கிக்கொண்டு அப்படியே போய்விட முடியாது. எந்த மாத்திரை, எத்தனை, எப்போது, எதற்கு என்று தம் வாயால் தங்களுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் தாங்கள் கோபிக்க மாட்டீர்கள். “நான் சரியாச் சொல்லல போலிருக்கு, இன்னொரு தடவை சொல்றேன்” என்பீர்கள். வரிசை வாசலைத் தாண்டும், பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். “நர்சம்மா, இது ஆஸ்பத்திரியா, பள்ளிக்கூடமா?” என்று மீன்கூடைக்காரி ஒருத்தி கேட்டதற்கு, “பள்ளிக்கூடத்துல தப்பாச் சொன்னா முட்டை போடுவாங்க. இங்க தப்பாச் சொன்னா மாலை போடுவாங்க. எது வேணும்?” என்று கேட்டீர்கள். வரிசை முழுவதும் சிரித்தது, தாங்கள் மட்டும் சிரிக்கவில்லை.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக மாத்திரை உறைகளின் மேல் தாங்கள் படம் வரைந்தீர்கள். காலைக்குச் சூரியன், இரவுக்குப் பிறை. சாப்பாட்டுக்கு முன்னால் என்றால் வெறும் தட்டு, பின்னால் என்றால் நிறைந்த தட்டு. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு மற்ற நிலையங்களிலிருந்து ஆட்கள் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். எங்களுக்கெல்லாம் பெருமை. தங்களுக்கு மட்டும் அதிலும் ஒரு பயம் ஒட்டிக்கொண்டிருந்தது.

இனி நாங்கள் சொல்லப்போவது வழக்கமான மடல்களில் வராத செய்தி. இம்மடலை எழுதும் பொறுப்பு எங்கள் மருந்தாளுநர் தலையில் விழுந்தது. இருபது ஆண்டுகளாக மருந்து ஜன்னலுக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர், தெருவுக்கு அவர் மருந்துக்காரர். பயந்தாங்கொள்ளி என்ற பெயரைச் சூட்டிய புண்ணியவானும் அவரே. இப்போது இம்மடலைக் கையில் பிடித்து வாசித்துக்கொண்டிருப்பவரும் அவர்தான். 

பதினொரு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் தாங்கள் பயிற்சிக்காக நகரத்தின் மறுகோடிக்குப் போக வேண்டியிருந்தது. மருந்துக்காரர் வருவதற்கு முன்பே தங்கள் பேருந்து கிளம்பிவிட்டது. அவர் வந்து ஜன்னலைத் திறந்தபோது, தராசுக் கல்லுக்கு அடியில் ஒரு சீட்டு இருந்தது. படித்தார். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. இல்லாத ஊருக்குப் போகாத வழியைச் சொல்கிறாரே இந்த அம்மா என்று நினைத்து, ரப்பர் முத்திரைகள் கிடக்கும் இழுப்பறையில் அதைப் போட்டு மூடினார்.

அன்று மாலை வரிசையில் கடைசி ஆளுக்கு முந்தியவராக வந்தவர் மூட்டை தைப்பவர். சரக்குக் கிட்டங்கியில் இரவு வேலை. சர்க்கரை ஏறிக்கொண்டே போனதால் டாக்டர் அன்றுதான் மாத்திரையைக் கூட்டி எழுதியிருந்தார். மருந்துக்காரர் உறையின் மேல் சூரியன் வரைந்து இரண்டு கோடு போட்டார், பிறை வரைந்து ஒரு கோடு போட்டார், பக்கத்தில் வெறும் தட்டு. நேரமாகிவிட்டது, திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை. “புரிஞ்சுதா?” என்று கேட்டார். மூட்டை தைப்பவர் பெரிதாகத் தலையாட்டினார். ஷிப்ட்டுக்கு மணியாகிறது என்று ஓடியும் போனார்.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு, எப்போதும்போல் தாங்கள் முந்தின நாள் நோட்டை எடுத்துவைத்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தீர்கள். அந்தப் பழக்கத்தையும் நாங்கள் கேலி செய்ததுண்டு. விரல் ஒரு வரியில் நின்றது.

“தம்பி, இந்த மூட்டை தைக்கிறவருக்கு யார் குடுத்தது?”

“நான்தான்க்கா.”

“திருப்பிச் சொன்னாரா?”

“புரிஞ்சுதான்னு கேட்டேன். நல்லாத் தலையாட்டினார்.”

“தலை யாருக்கும் ஆடும் தம்பி, வாய் சொல்லணும். அவரு ராத்திரியெல்லாம் முழிச்சுட்டு விடிஞ்சாத்தானே தூங்கப் போவாரு? சூரியனைப் பார்த்து ரெண்டைப் போட்டுட்டு வெறும் வயித்தோட படுத்திருப்பாரே!” தங்கள் முகத்தில் ரத்தம் இல்லை. “நான் சீட்டு எழுதி வச்சுட்டுப் போனேனே, பார்க்கலையா?”

மருந்துக்காரர் வாய் திறந்தது. அவர் சொல்ல நினைத்தது ஒன்று, வெளியே வந்தது வேறொன்று.

“எந்தச் சீட்டு?”

“எழுதணும்னு நினைச்சேன்... எழுதாமலே பஸ்ஸைப் பிடிக்க ஓடிட்டேனா?” என்று தங்களையே கேட்டுக்கொண்டீர்கள். பிறகு பையை எடுத்தீர்கள், மருந்துக்காரரும் பின்னால் ஓடினார்.

முகவரி என்று நோட்டில் இருந்தது ‘தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்’ என்பது மட்டும்தான். தொட்டிக்குப் பின்னால் நாற்பது கதவுகள். சந்தின் வாயில் நுழைந்ததும் மருந்துக்காரருக்கு முதலில் உறைத்தது அங்கே இருந்த அமைதி. குழாயடியில் பெண்கள் குடங்களைச் சத்தமில்லாமல் வைத்தார்கள், எங்கோ ஒரு ரேடியோ வாயைப் பொத்தினாற்போல் பாடிக்கொண்டிருந்தது. இரவு வேலைக்காரர்கள் தூங்கும் சந்து அது, பகலில் ஊரே அவர்களுக்காக அடக்கி வாசிக்கும். ஏழைகள் ஏழைக்குச் செய்யும் அந்த உதவியை நினைத்து வேறொரு நாளாக இருந்தால் அவர் நெகிழ்ந்திருப்பார். அன்று அந்த அமைதியில் அவர் நடையை எட்டிப் போட்டார்.

“மூட்டை தைக்கிறவரு வீடு எதும்மா?” என்று தாங்கள் கேட்டீர்கள்.

வாசலில் தையல் மிஷினை ஓரமாகத் தள்ளி வைத்திருந்த பெண் உதட்டில் விரல் வைத்தாள். “மெதுவாப் பேசுங்க நர்சம்மா. இப்பத்தான் படுத்தாரு. எழுப்பிடக் கூடாதுன்னு அவரு சம்சாரம் வெளியே பூட்டிட்டுத்தான் வேலைக்குப் போயிருக்கு. சாவியும் அதுகிட்டதான்.”

கதவில் பூட்டு தொங்கியது. கையகல ஜன்னல் ஒன்று திறந்திருந்தது. தையல்காரப் பெண் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். “பாருங்க, எப்படிக் குறட்டை விடுறாருன்னு! இவரைப் போய் எழுப்பணுங்குறீங்களே.”

தாங்களும் பார்த்தீர்கள். தங்கள் தோளுக்கு மேலே மருந்துக்காரரும் பார்த்தார். தலைக்கு மேல் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் கீழே கிடந்த மனிதரின் சட்டை தண்ணீரில் முக்கி எடுத்ததுபோல் நனைந்திருந்தது. குறட்டை குறட்டையாக இல்லை. இழுத்து, நின்று, மறுபடி இழுத்தது. தலைமாட்டில் மாத்திரை உறை, அதன் மேல் மருந்துக்காரர் கையால் வரைந்த சூரியன். ‘சாப்பாட்டுக்கு முன்’ என்ற வெறும் தட்டையும் அவர் மீறவில்லை. அவருடைய சாப்பாடு சாயங்காலம் நாலு மணிக்கு. ஒன்பது மணி நேரம் முன்னதாகவே போட்டிருக்கிறார், பாவம்.

“பூட்டை உடைங்க!” என்று தாங்கள் கத்தினீர்கள். அந்தச் சந்தில் பகலில் அப்படி ஒரு குரல் எழுந்தது அதுவே முதல் முறை என்று பிற்பாடு சொன்னார்கள். சைக்கிள் கடைக்காரர் சுத்தியலோடு வந்தார். மூன்று அடிக்கும் பூட்டு அசையவில்லை. நாலாவது அடிக்குள் மருந்துக்காரர் மனதில் ஓடியது என்ன என்பதையும் மறைக்காமல் அவரே எழுதியிருக்கிறார். இந்த மனிதர் பிழைக்க வேண்டும் என்று அவர் வேண்டவில்லை. என் வேலை போய்விடுமே, என் பிள்ளைகள் தெருவில் நிற்குமே என்றுதான் வேண்டினார். அந்த நினைப்பு இன்றுவரை அவரைத் தூங்கவிடவில்லை.

உள்ளே தாங்கள் விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை முப்பத்தொன்று. யாரோ ஒருவர் செம்பில் சர்க்கரைத் தண்ணீரோடு ஓடிவந்தார். “வாயில ஊத்தாதீங்க, புரை ஏறிடும்!” என்று தடுத்து, அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, நரம்பு தேடினீர்கள். எப்போதும் பயத்தில் பிசையும் அந்தக் கைகள் அப்போது நடுங்கவே இல்லை. குளுக்கோஸ் ஊசி ஏறியது. சந்து முழுக்க வாசலில் நின்றது. எத்தனை நிமிடம் என்று எவருக்கும் தெரியாது. கடைசியில் மூட்டை தைப்பவர் கண்ணைத் திறந்து, கூட்டத்தைப் பார்த்து, “என்ன ஆச்சு? யாருக்கு என்ன?” என்று கேட்டார்.

எல்லோரும் அப்பாடா என்றபோதும் தாங்கள் சொல்லவில்லை. “இது மறுபடி இறங்கும், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்” என்று கூடவே போனீர்கள். சொன்னபடியே மாலைக்குள் இரண்டு முறை இறங்கியது. மூன்றாம் நாள் அவர் நடந்தே வீட்டுக்கு வந்தார். இன்றும் இருக்கிறார். இந்த மண்டபத்தின் நடுவரிசையில், சம்சாரத்தோடு உட்கார்ந்திருக்கிறார்.

அவர் பிழைத்துவிட்டார், பிழை தப்பவில்லை. விசாரணை வந்தது. அப்போதைய சுகாதார அலுவலர் மேசைக்கு முன்னால் இருவரும் நின்றீர்கள். பொறுப்பு யாருடையது என்று கேள்வி. மருந்துக்காரர் மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். “குறி நான் வரைஞ்சது சார், எல்லாருக்கும் சொல்லிக் குடுத்ததும் நான்தான். ராத்திரி வேலைக்காரங்களுக்கு அது ஆகாதுன்னு தெரிஞ்சும் சொல்லி வைக்காமப் போயிட்டேன்” என்று தாங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். அதன் பிறகு தங்களுக்கு வர வேண்டிய மேற்பார்வைப் பதவி வரவில்லை. தங்களிடம் ஊசி போடக் கற்றவர்கள் மேற்பார்வையாளர்களாகத் தங்களுக்கே விடுப்பு எழுதிக் கொடுத்தார்கள். முப்பத்து மூன்று ஆண்டுக்குப் பின் தாங்கள் இன்று இறங்கும் படி, பதினொரு ஆண்டுக்கு முன் நின்ற அதே படி.

விசாரணை முடிந்து வெளியே வந்தபோது மருந்துக்காரர் கேட்டார். “ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?”

“உங்களை மாத்திட்டா இந்த ஜன்னல் ஆறு மாசம் பூட்டிக் கிடக்கும். நானூறு பேர் மாத்திரைக்கு எங்க போவாங்க? அதோட, சொன்னது நிஜந்தானே தம்பி? நான் ஒரு சீட்டு எழுதி வச்சிருந்தா இதெல்லாம் நடந்திருக்குமா?”

அப்போதாவது அவர் சொல்லியிருக்கலாம். இழுப்பறை இருபது அடி தூரத்தில் இருந்தது. சொல்லவில்லை.

அன்றிலிருந்து தாங்கள் சூரியனையும் பிறையையும் விட்டுவிட்டீர்கள். தூங்கி எழுந்ததும் போடுவதற்குச் சுருட்டிய பாய், படுக்கும் முன் போடுவதற்கு விரித்த பாயும் தலையணையும், சாப்பாட்டுக்குத் தட்டு. ஒவ்வொருவரிடமும், “எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க? எழுந்ததும் என்ன சாப்பிடுவீங்க?” என்று கேட்ட பிறகே உறையைத் தொட்டீர்கள். தங்கள் பயம் இரட்டிப்பானது. பையைப் பூட்டிவிட்டு மறுபடி திறந்து பார்ப்பீர்கள், எழுதிய சீட்டை எழுதினேனா என்று எங்களிடமே கேட்பீர்கள். வயதாகிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். தம் ஞாபகத்தின் மேலேயே ஒருவருக்குப் பயம் வந்துவிட்டால் அது எப்படி ஆளை அரிக்கும் என்று ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. அவர் ஜன்னலுக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

நேற்று மாலை இம்மடலின் வரைவை எழுதிக்கொண்டு வந்து எங்கள் முன் வைத்தார். உடன் ஒரு சீட்டையும் வைத்தார். எட்டுப் பேரும் படித்தோம். “நல்ல நாளும் அதுவுமா இதெல்லாம் எதுக்கு? வழக்கமா எழுதுறதை எழுதிக் குடுத்துடலாமே” என்றார் ஒருவர். கூட்டிப் பெருக்கும் அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார். “அந்த அம்மா நாளைக்கு வீட்டுக்குப் போயி, மிச்ச காலமெல்லாம் தன்னால ஒருத்தரு சாகப் பார்த்தாருன்னு நினைச்சுக்கிட்டே கெடக்கணுமா?” என்று கேட்டார். எட்டுப் பேரும் பேனாவை எடுத்தோம்.

ஆகவே, மேடையில் அமர்ந்திருக்கும் அலுவலர் அவர்கள் முன்னிலையில், பின்தெரு மக்கள் முன்னிலையில், இதை உரக்க வாசிக்கிறோம். பதினொரு ஆண்டுகளுக்கு முன் பதிவேட்டில் எழுதப்பட்டது தவறு. தாங்கள் சீட்டு எழுதினீர்கள், அதை ஜன்னலில் வைத்தீர்கள். மருந்துக்காரர் அதைப் படித்தார், ஒதுக்கினார், பிறகு இல்லை என்று சொன்னார். பதிவைத் திருத்தக் கோரும் கடிதத்தில் கையெழுத்திட்டு இன்று காலையே அலுவலரிடம் கொடுத்துவிட்டார். நாளை அவருக்கு என்ன வரும் என்று தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது, அவருக்கும் எங்களுக்கும். நாளைக் காலை எட்டரை மணிக்கு அந்த நோட்டைத் திறந்து விரல் வைத்துப் படிக்கப் போவது யார் என்று நினைத்தால் அதைவிடப் பயமாக இருக்கிறது. பயப்படத் தெரிந்தவர் ஒருவர் இருந்ததால்தான் நாங்கள் எல்லாம் இத்தனை காலம் தைரியமாக இருந்திருக்கிறோம்.

அருமைச் செவிலியே! உடல் நலம் குறையாமலும் உள்ளம் உளையாமலும் தாங்கள் நெடுங்காலம் வாழ்க! பையைப் பூட்டினால் பூட்டினதுதான் என்று நம்பிப் படுக்கும் நிம்மதி தங்கள் வீட்டில் குடியிருக்க! எங்களுக்கு விட்டுச்செல்லும் பயத்தை, ஒரு துளியும் சிந்தாமல் நாங்கள் சுமப்போமாக!

இம்மடல் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. கையொப்பங்களுக்குக் கீழே, மஞ்சளேறிய ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. கையெழுத்தைத் தாங்களே பாருங்கள்:

‘தம்பி, ராத்திரி வேலைக்காரர் யாராவது வந்தால் சூரியன், பிறை போட வேண்டாம். மாத்திரையை நிறுத்தி வையுங்கள். நாளைக்கு நான் பேசிவிட்டுக் கொடுக்கிறேன். பயமாக இருக்கிறது.’

புரிந்ததா என்று கேட்க மாட்டோம், தலையாட்டினால் ஒப்புக்கொள்ளவும் மாட்டோம். தங்கள் சட்டம் தங்களுக்கும் சட்டம். ஒலிபெருக்கி தங்கள் பக்கம் வருகிறது. எல்லோரும் கேட்கும்படி, தங்கள் வாயால் திருப்பிச் சொல்லுங்கள்:

“சீட்டு நான் எழுதி வச்சேன்.”

இங்ஙனம்,
தங்களிடம் திருப்பிச் சொல்லப் பழகிய
பின்தெரு நலவாழ்வு நிலையப் பணியாளர் எண்மரும்,
மருந்துக்காரரும்